பஞ்சாட்சரம் கிளப்பில் மடிக்காமல் விட்ட இலை

காவலூர்ப் பக்கத்து மலையில் ரங்கன் என்று ஒரு குடியானவன் இருந்தான். சாமை விதைப்பான், புளி உலுக்குவான், வெள்ளிக்கிழமை தவறாமல் ஒடுகத்தூர்ச் சந்தைக்கு இறங்குவான். அவனிடம் சொல்லும்படியாக இரண்டே குணம். நன்றாகச் சாப்பிடுவான். எதையும் மறக்க மாட்டான். முதல் குணத்தால் சிநேகிதம் சேர்ந்தது. இரண்டாவது குணத்தால் சந்தையில் சாப்பாட்டுக் கிளப்பு வைத்திருந்த பஞ்சாட்சரம் கெட்டான்.

சந்தையில் சரக்கை இறக்கிப் போட்டதும் ரங்கன் நேரே குப்பம்மாள் கடைக்குப் போவான். கடை என்றால் ஒரு புளியமரம், மூன்று கல் அடுப்பு, ஒரு இட்லிப் பானை. அங்கே அவனுக்கு முன்னாலேயே அடைக்கலம் குந்தியிருப்பான். அடிவாரத்து வேதக்காரன், வண்டியோட்டி. வெள்ளிக்கிழமை கவுச்சி தொடக் கூடாது என்பது அவன் மாதா கோயில் சட்டம். சந்தையோ வெள்ளிக்கிழமைதான். ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனையில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டு வாராவாரம் ஒரே பாட்டைப் பாடுவான்.

"வெள்ளிக்கெயமைல சந்தை வெச்சவன் எவன் ரங்கா? அவன் கைல கெடச்சா கறியாக்கிடுவேன்."

"அப்பவும் நீ துன்ன முடியாது. வெள்ளிக்கெயமை."

"தே, ரெண்டு பேரும் துன்னுட்டு எடத்த காலி பண்ணுங்க. ஆளு நிக்குது," என்பாள் குப்பம்மாள். சொல்லிக்கொண்டே மொச்சைக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றுவாள். அவள் குரல் சந்தையின் அந்தக் கோடிவரை கேட்கும். அவள் கடைக்கு அதுவே விளம்பரம்.

ஆனால் நாலு பேருக்கு முன்னால் பெருமையாகச் சாப்பிட வேண்டுமென்றால் பஞ்சாட்சரம் கிளப்புதான். ஓட்டுக் கட்டடம், நீளமான கூடம், சாணம் மெழுகின தரையில் பந்திப்பாய், தலைவாழை இலை. வெள்ளை வெளேரென்று சோறு. வத்தக்குழம்பு என்றால் அந்தக் குழம்புதான். அதில் கரைகிற புளி ரங்கனுடைய மலைப் புளி. அறுப்பு முடிந்த கையோடு வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்து, தன் மரத்துப் புளி தன் நாக்குக்குத் திரும்பி வருவதை ருசித்துவிட்டு வருவான். மலைக்காரர்களுக்குக் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். அதை அவன் அவ்வளவாக மனசில் வைத்ததில்லை.

அந்த வருஷம் தங்கச்சி செல்லிக்குச் சம்பந்தம் கூடியது. பக்கத்து மலையூர்ப் பெரியதனக்காரர் பழனியின் மகன் மாப்பிள்ளை. பரியப் பணம் பேசி முடிக்கப் பழனி வந்திருந்தார். வெள்ளை மீசை, வாயைத் திறந்தால் வார்த்தை கொஞ்சமாக வரும் மனிதர். அவரையும் அவரோடு வந்த பங்காளிகளையும் ரங்கன் சந்தைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"மாமா, இன்னிக்கு உங்களுக்குப் பஞ்சாட்சரம் கிளப்புல சோறு."

"வூட்ல களி இருக்குதே," என்றார் பழனி.

"களி எங்க மாமா ஓடிப் போவுது?"

அன்றைக்கு ரங்கன் தூணுக்குப் பின்னால் போகவில்லை. சம்பந்திகளை முன்வரிசையில் உட்கார வைத்தான். கல்லாவில் இருந்த பஞ்சாட்சரம் பார்த்தான். விபூதிப் பட்டையும் கடுக்கனுமாக இருந்த அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் இலை போடச் சொன்னான். எல்லாரும் நிறைய சாப்பிட்டார்கள். பழனி குழம்பை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். ரங்கனுக்குச் செல்லியின் கல்யாணமே முடிந்துவிட்டாற்போல இருந்தது.

சாப்பிட்டு முடித்துப் பழனி இலையை மடித்தார். அங்கேதான் வினை.

மலையில் வாழை இலை ஏது? மந்தார இலைகளைச் சேர்த்து மூங்கில் ஈர்க்கால் தைத்த தையல் இலையில்தான் அவர்கள் சாப்பாடு. ஈர்க்கின் நுனி எல்லாம் மேல்விளிம்புப் பக்கம் பார்த்து நிற்கும். அந்த விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து மடித்தால் விரலில் ஏறிவிடும். அதனால் மலைக்காரன் கீழ்விளிம்பைத் தூக்கி, தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக மடிப்பான். பிறந்ததிலிருந்து வந்த கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில் பழனியின் கை வாழை இலையையும் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டது. கீழ்நாட்டில் அப்படி மடிப்பது ஒரே இடத்தில்தான், எழவு வீட்டுச் சாப்பாட்டில். இன்னொரு தடவை இந்த வீட்டில் இப்படிச் சாப்பிட வரக் கூடாது என்பதற்காக மடிக்கிற மடிப்பு அது.

பஞ்சாட்சரம் கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

"டேய்! இன்னாடா மடிப்பு இது? என் கடையில எவன்டா செத்தான்?"

பழனிக்கு விளங்கவில்லை. "சோறு நல்லா இருந்துச்சிங்க," என்றார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா எழவு மடிப்பு மடிச்சிட்டு, நல்லா இருந்துச்சா? மொத வரிசைல குந்த வெச்சது என் தப்புடா. சாமை துன்ற கூட்டத்துக்குச் சோத்த காட்டனது என் தப்பு."

ரங்கன் நடுவில் புகுந்தான். "மொதலாளி, அவருக்குத் தெரியாதுங்க. எங்க பக்கம் இப்படித்தான். இன்னா செய்யணும் சொல்லுங்க, நான் செய்றேன்."

"நீ எதுக்குடா? மடிச்சது அவன். அவனே எல்லா எலையும் எடுக்கட்டும். சாணி கரைச்சு அவனே மெழுவட்டும். அதுவரைக்கும் ஒருத்தன் வாசல தாண்டக் கூடாது."

வாசலில் கிளப்பு ஆட்கள் விறகுக் கட்டையோடு நின்றுகொண்டார்கள். சந்தை ஜனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ரங்கன் கையை ஓங்கியிருக்கலாம். ஓங்கினால் ஸ்டேஷன், விலங்கு, சம்பந்திகளுக்கும் அடி. ஓங்கவில்லை. பழனி குனிந்தார். ஒவ்வொரு இலையாக எடுத்தார். சாணம் கரைத்தார். முழங்காலில் நகர்ந்து நகர்ந்து அந்தக் கூடத்தை மெழுகினார். "அந்த மூலை, பெரியவரே, அந்த மூலை," என்று யாரோ சொல்ல, ஜனம் சிரித்தது. பஞ்சாட்சரமும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ரங்கன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

கிணற்றடியில் பழனி கை கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார்.

"ரங்கா, கொயம்பு நல்லா இருந்துச்சி. பொண்ணு பேச்ச வுட்டுடு."

"மாமா, அவன் பண்ணதுக்கு என் தங்கச்சி இன்னா பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல. என் மவன் கண்ணாலத்துல நாலு பேரு எலைய பாப்பான். பாத்தா இது நெனப்புக்கு வரும். சிரிப்பான். நான் இன்னொரு தபா அந்தச் சிரிப்ப கேக்க மாட்டேன்."

அதோடு செல்லியின் கல்யாணம் போயிற்று. மலையில் செய்தி மனிதனைவிட வேகமாக ஏறும். பிறகு பெண் பார்க்க வந்த ஒருவன், வாசலிலேயே, "உங்க வூட்ல எலைய எப்டி மடிக்கணும், சொல்லிடுங்க," என்று இளித்தான். செல்லி உள்ளேயிருந்து வந்து அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் அவளே வேண்டாமென்றுவிட்டாள். இலை தைக்க உட்கார்ந்தாள். அவளுக்கு ஈடாகத் தைக்க அந்த மலையில் ஆளில்லை. எந்த ஊரில் கல்யாணமென்றாலும் பந்திக்கு இலை செல்லி கையிலிருந்துதான் போகும். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் அவள் இலை தைப்பதைப் பார்க்கப் பார்க்க ரங்கனுக்கு வயிறு எரியும்.

அவன் மனைவி பச்சையம்மா, "போனத வுடு," என்று சொல்லிப் பார்த்தாள்.

"எத வுட்றது? அவ எதிர்ல குந்திகினு தைக்கிறாளே, அத சொல்லு மொதல்ல."

ரங்கன் சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை. கிளப்பு வாசலை மிதிக்கவில்லை, அவ்வளவுதான். குப்பம்மாள் கடையில் குந்தி இட்லியைத் தின்றுகொண்டே எதிரில் தெரிகிற அந்த ஓட்டுக் கூரையைப் பார்ப்பான். அடைக்கலம் அவனைக் கேட்பான், "எங்க சாமி எதிரிய மன்னிக்கச் சொல்லுது ரங்கா. உங்க சாமி இன்னா சொல்லுது?"

"காத்துகினு இருன்னு சொல்லுது."

காத்திருந்தான். சண்டை வந்தது. எங்கேயோ கடலுக்கு அப்பால் வந்த சண்டை ஒடுகத்தூர்ச் சந்தையில் அரிசி மூட்டையைக் காணாமல் அடித்தது. பர்மா அரிசி வருவது நின்றது. நெல்லுக்குக் கட்டுப்பாடு, அரிசிக்குப் பங்கீடு. கிளப்புகளில் உலை வைக்க வழியில்லை. அப்போது கீழ்நாட்டார் வாயில் சாமை இனிக்க ஆரம்பித்தது. சாமைச் சோறு, சாமைப் பொங்கல். முன்பு சிரித்தவர்களெல்லாம் மலைக்காரன் மூட்டையைக் கண்டால் எழுந்து நின்றார்கள்.

ரங்கன் பழனியின் ஊருக்கு நடந்தான். பழனி இப்போது இன்னும் கிழவர். மீசைதான் அப்படியே இருந்தது.

"மாமா, நெனப்பு கீதா?"

பழனி உள்ளங்கையை மூக்கருகில் கொண்டுபோனார். "சாணி வாசன இன்னும் போவல."

"அவன் அடுப்புக்கு மலைலேர்ந்து ஒரு படி சாமை எறங்கக் கூடாது. ஒரு கொட்டப் புளி எறங்கக் கூடாது. நீங்க சொன்னா ஊரு கட்டுப்படும்."

பழனி ஊர்களைக் கூட்டிச் சொன்னார். அந்த மலையில் அவர் சொன்னால் சொன்னதுதான். மற்ற கிளப்புகளில் சாமை வெந்தது. பஞ்சாட்சரம் அடுப்பில் பூனை தூங்கியது. அவன் ஆள் விட்டுப் பார்த்தான், கூட விலை சொல்லிப் பார்த்தான். ஒருவரும் மசியவில்லை. கடைசியில் அவனே மலையேறினான். அடிவாரம் வரைக்கும் அடைக்கலம் வண்டி. வழியெல்லாம் அடைக்கலம் அவனைச் சும்மா விடவில்லை.

"இன்னா மொதலாளி, மலைக்கா? காத்து வாங்கவா?"

"பேசாம ஓட்றா."

"ஓட்றேங்க. ஏறச் சொல்லோ மூச்சு வாங்கும், பாத்து. அங்க சாமை துன்ற கூட்டம் கீதுங்க, கடிச்சி வெச்சிடப் போவுது."

மேலே வந்து சேர்ந்தபோது பஞ்சாட்சரத்தின் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. ரங்கன் வீட்டு முன்னால் செல்லி இலைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

"கவுண்டரே," என்றான் பஞ்சாட்சரம்.

ரங்கன் திரும்பிப் பின்னால் பார்த்தான். "யார கூப்புட்றீங்க? இங்க கவுண்டர் யாரும் இல்லியே. டேய்னு கூப்டுங்க, வருவான்."

"பழச மனசுல வெச்சிக்காதீங்க. கடைய மூடிட்டா நான் தெருவுல நிக்கணும். சாமை வேணும்."

"குடுக்கறேன். மொதல்ல எங்களுக்குச் சோறு போடு."

"சோறா?"

"உன் கிளப்புல. சந்தையன்னிக்கு, பகல்ல. மொத வரிசை. நாங்க கொண்டாற சாமைய நீ ஆக்கு, அதே வத்தக்கொயம்பு வையி. பழனி மாமா மொத எலைல குந்துவாரு. நீதான் பரிமாறணும். துன்னு முடிச்சதும் எலைய நீதான் எடுக்கணும்."

பஞ்சாட்சரத்தின் கண் அலைந்தது. "பரிமாற்றேன். எலை எடுக்க ஆளு கீது, கவுண்டரே..."

"ஆளு வேணாம்."

பஞ்சாட்சரம் கரைந்த விபூதியைத் துண்டால் துடைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சரி, எடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு. எதிர்ப்பக்கம் மட்டும் மடிச்சிடாதீங்க. தொயில் நடக்கற எடம். அன்னிக்கு மாதிரி ஆவக் கூடாது."

ரங்கன் நெஞ்சில் வைத்திருந்ததே அதுதான். ஒரு வரிசை முழுக்க, மலைக்காரன் ஒவ்வொருத்தனும், தெரிந்தே எழவு மடிப்பு மடிக்க வேண்டும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் செல்லி பேசினாள். இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்க மடிக்கவே மாட்டோம். அப்டியே வுட்றோம். நீங்களே உங்க பக்கத்து வழக்கப்படி மடிச்சிக்கங்க. எலையும் நானே தெச்சிக் குடுக்கறேன்."

"மவராசி," என்று கும்பிட்டுவிட்டுப் பஞ்சாட்சரம் இறங்கினான்.

அவன் மறைந்ததும் ரங்கன் தங்கச்சி மேல் பாய்ந்தான். "யாரு கேட்டா உன்ன? இத்தினி வருசமா நான் காத்துகினு கெடந்தது எதுக்கு?"

செல்லி தைத்து முடித்த இலையை அவன் கையில் கொடுத்தாள். "மடி, பாக்கலாம். அவங்க வழக்கப்படி."

மேல்விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். "ஆ" என்று கையை உதறினான். கட்டைவிரலில் ரத்தம் துளிர்த்தது. அவள் வழக்கமாக ஈர்க்கின் நுனியை முடிந்தவரை கிள்ளி விடுவாள். இந்த இலையில் கிள்ளவில்லை. சீவி வைத்திருந்தாள்.

ரங்கன் விரலை வாயில் வைத்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தான். நாமாவது காத்துக்கொண்டுதான் இருந்தோம், இவள் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சந்தை நாள் வந்தது. பஞ்சாட்சரம் கிளப்பு முன்வரிசையில் முதல் இலையில் பழனி, அடுத்து ரங்கன், அப்புறம் செல்லி, பச்சையம்மா, அந்தப் பங்காளிகள், மலையூர்க்காரர்கள். கடைசியில் அடைக்கலம். வத்தக்குழம்பில் கவுச்சி இல்லாததால் அவன் கோயிலுக்கும் பாதகமில்லை. விஷயம் தெரிந்து சந்தையே வாசலில் நின்றது. குப்பம்மாள் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

பஞ்சாட்சரம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினான். பழனி குழம்பை இரண்டாந்தரம் கேட்டார். ஊற்றினான். ரங்கனுக்குச் சாமைச்சோறு தொண்டையில் தேனாக இறங்கியது. ஒருவரும் அவசரப்படவில்லை. அப்பளத்தை நொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டு முடித்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டார்கள். இலைகள் விரித்தபடி கிடந்தன.

பஞ்சாட்சரம் குனிந்தான். அதற்கே வாசலில் ஒரு முணுமுணுப்பு. பழனியின் இலையை, அப்பாடா என்ற முகத்தோடு, மேல்விளிம்பைப் பிடித்து முறைப்படி உள்பக்கம் மடித்தான். வெடுக்கென்று கையை இழுத்தான். பார்த்தான். அடுத்த இலைக்குப் போனான். மறுபடி ஏறியது. துண்டைச் சுற்றிக்கொண்டு மடித்தான், துண்டு ஈர்க்கில் மாட்டிக் கிழிந்தது.

"பாத்துங்க மொதலாளி, மலை எலை. பழக்கமில்லாதவங்கள கடிக்கும்," என்றான் அடைக்கலம்.

ஜனம் சிரித்தது. அன்றைக்குப் பழனியைச் சுற்றிச் சிரித்த அதே சிரிப்பு. பஞ்சாட்சரத்தின் முகம் சிவந்தது. வேகமாக முடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று கையை அவசரப்படுத்தினான். அவசரத்தில் கை, மனசைக் கேட்காமல், குத்தாத பக்கத்தைத் தேடிக்கொண்டது. கீழ்விளிம்பைத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடித்தது. குத்தவில்லை. அடுத்ததையும் அப்படியே மடித்தது. அதற்கடுத்ததையும்.

குப்பம்மாள் வாயைத் திறந்தாள்.

"அய்யய்யோ! இங்க பாருங்கடியம்மா! மொதலாளியே அவரு கடையில எயவு மடிப்பு மடிக்கிறாரே!"

அந்தக் கோடிவரை கேட்டது. பஞ்சாட்சரம் கையிலிருந்த இலையைப் பார்த்தான். பின்னால் திரும்பித் தான் மடித்து வந்த வரிசையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, பட்டப்பகல், அவன் கூடம், அவன் கை. முகத்தில் ரத்தமே இல்லை.

பழனி எழுந்தார். பேசுவதற்கு முன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சாணி கரைச்சி வெச்சிருக்கீங்களா? அன்னிக்கு மடிச்சவனே மெழுவணும்னு நீங்கதான சொன்னீங்க."

யாரும் விறகுக் கட்டை எடுத்து வாசலை மறிக்கவில்லை. மறிக்க வேண்டியிருக்கவும் இல்லை. அந்தத் தீட்டோடு கூடத்தை விட்டுவைக்கப் பஞ்சாட்சரத்துக்கே தைரியம் கிடையாது. அவனே வாளியைக் கொண்டுவந்தான். முழங்காலில் இறங்கினான். குத்துப்பட்ட விரல்களைச் சாணத்தில் விட்டபோது பல்லைக் கடித்தான். ரங்கன் தூணில் சாய்ந்து நின்று முழுக்கப் பார்த்தான். கடைசிவரை பார்த்தான்.

"அந்த மூலை, மொதலாளி. அந்த மூலை," என்றான்.

வெளியே வந்ததும் பழனி கிணற்றடியில் கை கழுவினார். ஒரே தடவைதான் கழுவினார். செல்லியைக் கூப்பிட்டு அவள் தலையில் ஈரக் கையை வைத்துவிட்டுப் போனார்.

ரங்கன் சொன்ன சொல் தவறவில்லை. சாமை கொடுத்தான், புளியும் கொடுத்தான். பஞ்சாட்சரம் கிளப்பில் மறுபடி உலை கொதித்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பிறந்தால் ரங்கன் மலையிலிருந்து தையல் இலையோடு வந்து முன்வரிசையில் உட்காருவான். சாப்பிட்டுவிட்டு இலையை மடிக்காமல் விட்டுவிட்டுக் கல்லாவைப் பார்ப்பான். பஞ்சாட்சரம் எழுந்து வர வேண்டும். வருவான். வராவிட்டால் அடுத்த வாரம் மூட்டை வராது.

சண்டை முடிந்து சந்தையில் அரிசி தலைகாட்டத் தொடங்கிய சமயம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ரங்கன் வீட்டு வாசலில் நின்றான்.

"செல்லி, போதும்னு தோணுது எனக்கு. அவனும் கெயவனாயிட்டான். நாளைக்கு எலை வேணாம்."

செல்லி ஒரு ஈர்க்கை எடுத்து நுனியைச் சீவினாள். விரல் நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

"மூங்கிலு இன்னும் கொஞ்சம் கீதுண்ணே," என்றாள். "அது தீரட்டும்."